அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?



ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் பங்குக் கோயில்களின் முற்றத்தில் ஒரு கால் மணி நேரப் பேச்சு நடைபெறுவதுண்டு. வேப்பமர நிழலில் ஆண்கள் ஒரு பக்கமும், கோயில் படிக்கட்டின் ஓரமாகப் பெண்கள் ஒரு பக்கமும் நின்றுகொண்டு பேசுகின்ற பேச்சு அது. “காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீங்க? இன்னைக்கு வீட்டில் என்ன குழம்புங்க? இந்த லீவுக்கு எங்கே போறீங்க?” பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளுக்குள் அது அடங்கிவிடும். நாட்டு நடப்போ நற்செய்தி விளக்கமோ அதில் இடம்பெறுவதில்லை. இதனை வெட்டிப் பேச்சு என்று சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். இந்தப் பேச்சுக்குப் பெரிய பயன் ஒன்று உண்டு என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஒருவருடைய கொள்கைகளை அறிந்துகொள்ள அவரது மேடைப் பேச்சைக் கேட்டால் போதும். அவரையே அறிந்துகொள்ள வேண்டுமாயின், அவர் எப்போது எழுகிறார், எதை விரும்பி உண்கிறார், ஓய்வு கிடைத்தால் எங்கே போக ஆசைப்படுகிறார் என்பவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊராரைப் பற்றி இம்மூன்றையும் ஓரளவு நாம் அறிந்தே இருக்கிறோம். நம் வீட்டுக்குள்ளேயே, நமக்கு நாள்தோறும் சோறு படைக்கின்றவரைப் பற்றி அறிந்திருக்கிறோமா? இதுவே கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அன்றாடப் பழக்கம்.

நம் கொங்கு நாட்டுக்காரர் பழக்கத்திற்குக் கட்டுப்பட்டவர். பொழுது விடியுமுன் எழுவது, மாட்டுக்குத் தீனி போடுவது, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று உழவர் குடும்பங்களின் நாள் ஒரு காலத்தில் ஞாயிற்றை ஒட்டியே அமைந்திருந்தது. 1888ஆம் ஆண்டில் கோவையில் முதல் நூற்பாலை எழுந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர், மின்சாரத்தின் துணையுடன் ஆலைகள் பெருகின. அன்று முதல் நம் பகுதியின் நாளை அளந்தது ஆலைச் சங்கு. காலை முறைக்கு ஒரு சங்கு, பகல் முறைக்கு ஒரு சங்கு, இரவு முறைக்கு ஒரு சங்கு. சங்குச் சத்தத்தைக் கேட்டே உலை வைத்த வீடுகள் சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் எத்தனையோ இருந்தன. கணவன் ஒரு முறைக்கும், மகன் மற்றொரு முறைக்கும் வேலைக்குச் சென்றால், வீட்டில் அடுப்பு ஒரு நாளில் எத்தனை முறை மூட்டப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆலைக்கு மூன்று முறை ஆட்கள் இருந்தனர். அடுப்படிக்கு மூன்று முறைக்கும் ஒரே ஆள்தான்.

“எனக்குக் காலை ஐந்தரை மணிக்குக் காப்பி வந்துவிட வேண்டும், நாற்பது வருடப் பழக்கம்” என்று பெருமையாகக் கூறுகின்ற பெரியவர்கள் உண்டு. நல்ல பழக்கமே. ஆனால் ஐந்தரை மணிக்கு ஒருவர் காப்பி அருந்த வேண்டுமாயின், ஐந்து மணிக்கு மற்றொருவர் எழுந்திருக்க வேண்டும். அந்த மற்றொருவருக்கும் அது நாற்பது வருடப் பழக்கமே. ஆயினும் அவர் அதைப் பழக்கம் என்று சொல்லிக்கொள்வதில்லை, கடமை என்கிறார். நம்முடைய பழக்கங்களில் பல, வேறொருவருடைய உழைப்பின்மேல் நிற்கின்றன. நம் பழக்கம் யாருடைய உறக்கத்தின் மேல் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நல்ல ஆன்ம சோதனை. தவக்காலத்தில் காப்பியை விட்டுவிடுகிறேன் என்று சிலர் நேர்ந்துகொள்கின்றனர். விடாமலே இருக்கட்டும்; தாமே எழுந்து இரண்டு டம்ளர் காப்பி போட்டு, ஒன்றைத் தம் இல்லத்தரசிக்குக் கொடுத்தால் அது இன்னும் கடினமான தவமாக இருக்கும்; பயனும் மிகுதி.

இரண்டாவது, உணவு.

நம் பகுதியின் உணவு வரலாறு சுவையானது. வானம் பார்த்த பூமியாகிய கொங்கு நாட்டில் சோளம், கம்பு, ராகி, சாமை, தினை ஆகியவையே நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தன. கம்மஞ்சோறும் மோரும், ராகிக் களியும் கீரைக் கடைசலும், கொள்ளுப் பருப்பும் நம் முன்னோரின் உடலை வளர்த்தன. நெல்லுச்சோறு என்பது நோன்பு, திருநாள், விருந்து ஆகியவற்றுக்கு உரியதாக இருந்தது. 1950களில் கீழ்பவானித் திட்டமும், 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் பாசனத்தைப் பெருக்கின. அரிசி அன்றாட உணவாயிற்று. அந்நாளில் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்ட கம்பும் ராகியும் இன்று மருத்துவர்களின் பரிந்துரையால் மீண்டும் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டு என அறிவித்தபோது, நம் பாட்டிமார்கள் சிரித்திருப்பர்.

இன்றும் நம் வீடுகளில் அரிசி பருப்புச் சாதத்திற்கு ஈடு கிடையாது. துவரம் பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்து ஒரே பாத்திரத்தில் வெந்து வருவதன்மேல் ஒரு கரண்டி நெய்யை விட்டால், வெளியூரில் படிக்கும் பிள்ளைகள் அதற்காகவே பேருந்து ஏறி வருகின்றனர். திருநாள் என்றால் ஒப்புட்டும் கச்சாயமும். விருந்தினர் வந்தால் சந்தகை.

சந்தகையைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். அரிசியை ஊறவைத்து, அரைத்து, இட்டிலி போல் அவித்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் இட்டுப் பிழிய வேண்டும். சூடு ஆறிவிட்டால் பிழிய வராது. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஒரு புறம், எலுமிச்சையும் தாளிப்பும் ஒரு புறம் என்று இலையில் பரிமாறும்போது உண்பவர்க்கு இன்பம். பிழிகின்ற கைக்கு வலி. எல்லோரும் உண்டு முடித்து, அச்சில் ஒட்டிய மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டு தாய் அமரும்போது, தேங்காய்ப்பால் தீர்ந்துபோயிருக்கும். “எனக்கு வெறுஞ்சந்தகைதான் பிடிக்கும்” என்று அவர் கூறுவார். பிள்ளைகளும் அதை நம்பிவிடுகின்றனர். தோசையில் கருகியது, மீனில் தலை, கோழியில் கழுத்து, பழத்தில் கனிந்து அழுகத் தொடங்கிய பகுதி ஆகிய இவையெல்லாம் உலகத்துத் தாய்மார்கள் அனைவருக்கும் எப்படித்தான் ஒரே மாதிரி பிடித்துப்போயின என்று எவரும் வியப்பதில்லை.

மறைக்கல்வி வகுப்புகளில் சிறுவர் சிறுமியரிடம் நாம் அவ்வப்போது இக்கேள்வியைக் கேட்பதுண்டு: “உங்கள் அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?” உடனே விடை வரும்: கறிக்குழம்பு, முட்டை, வடை, பாயசம். “தம்பிக்கு?” அதற்கும் விடை உண்டு. “அம்மாவுக்கு?” சற்று நேரம் அமைதி. பின்னர் ஒரு குழந்தை எழுந்து, “எங்க அம்மாவுக்கு எல்லாமே புடிக்குங் சாமி” என்று கூறும். மற்றொன்று, “எங்க அம்மா எப்ப சாப்புடுவாங்கன்னே தெரியாதுங் சாமி” என்று கூறும். குழந்தைகள் பொய் பேசுவதில்லை. எல்லாமே பிடிக்கும் என்பதற்கு, எதுவும் கேட்கப்படவில்லை என்பதே பொருள்.

இது வெறும் மன உணர்ச்சி பற்றிய செய்தியும் அன்று. 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை இருந்தது. இதற்குக் காரணங்கள் பல. இரும்புச் சத்துக் குறைந்த உணவு, மாதவிடாய், மகப்பேறு, குடற்புழு என்று மருத்துவர்கள் அடுக்குவர். ஆயினும் கடைசியாக உண்பவருக்குக் கீரையும் பருப்பும் கறியும் எஞ்சுவதில்லை, சோறும் இரசமுமே எஞ்சுகின்றன என்பதும் அவற்றுள் ஒன்று. மேசையில் யார் முதலில் அமர்கிறார் என்பது, மருத்துவமனையில் யார் பின்னர் படுக்கிறார் என்பதோடு தொடர்புடையது.

நம் ஆண்டவர் இதில் மிகவும் கவனமாக இருந்தார். யாயீரின் மகளை உயிர்ப்பித்தவுடன், அச்சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். உயிர்த்தெழுந்த பின்னர் திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலை வீசிக் களைத்து வந்த சீடருக்குத் தாமே கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காலை உணவுக்கு அழைத்தார். பிறர் பசியை நினைப்பது அவருக்குச் சிறு செயலாகத் தோன்றவில்லை.

நம் கொங்கு மண்ணில் நடந்த ஒரு செய்தியையும் இங்கே நினைவுகூரலாம். தத்துவ போதகர் எனப் பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இத்தாலி நாட்டு உயர்குடியில் பிறந்தவர். 1606இல் மதுரைக்கு வந்த அவர், பிறந்தது முதல் பழகிய இறைச்சியையும் திராட்சை இரசத்தையும் உணவிலிருந்து விலக்கினார். நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் கொண்டு வாழ்ந்தார். 1623இல் அவர் மதுரையிலிருந்து புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி வழியாக நம் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் பயணம் செய்தார். அவருடைய முறைகள் குறித்து அன்றும் வாதம் நடந்தது, இன்றும் நடக்கிறது. அது நிற்க. தாம் வாழ வந்த மக்கள் என்ன உண்கிறார்கள், எப்படி உண்கிறார்கள் என்பதைக் கவனித்துத் தம் நாவையே மாற்றிக்கொண்ட அந்த உழைப்பு நம் சிந்தனைக்குரியது. அயல்நாட்டார் ஒருவர் நமக்காக அத்துணை கவனம் செலுத்தினார். ஒரே கூரையின்கீழ் இருபது ஆண்டுகள் வாழ்கின்ற நாம், எதிரில் நிற்பவருக்குப் பிடித்த பலகாரம் எது என்று அறியாதிருப்பது எவ்வாறு?

மூன்றாவது, பயணம்.

இங்கே ஒரு பங்குக் குடும்பத்தின் நிகழ்ச்சியைக் கூறுகிறேன். பெயரும் ஊரும் வேண்டா. அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர். மேட்டுப்பாளையம் பக்கத்தில் பிறந்து, அதே பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர். மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கி, இப்போது பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு நாள் அவர் தயக்கத்துடன் இவ்வாறு கூறினார்: “சாமி, சின்ன வயசுலிருந்து அந்த ஊட்டி ரயிலு ஊதற சத்தத்தைக் கேட்டுட்டே இருக்கறனுங்க. ஒரு நாளும் ஏறினதில்லீங்க. ஒருக்கா அதுல போகோணும்ங்க. தனியா போகோணும்ங்க.”

“தனியா எதுக்குங்கம்மா?” என்று கேட்டபோது அவர் சொன்ன விடை: “புள்ளைங்களோட போனா, பேரனுக்குத் தண்ணி குடுக்கோணும், மருமகளுக்கு வாந்தி வருதான்னு பாக்கோணும், கட்டுச்சோறு கட்டோணும், எல்லாத்துக்கும் பரிமாறோணும். ஜன்னலுக்கு வெளியே எப்பங்க பாக்கறது?”

வீட்டில் இதனைச் சொன்னபோது பிள்ளைகள் திகைத்துவிட்டனர். “இங்கே உனக்கு என்ன குறை?” என்றான் மூத்தவன். “ஊர்ல என்ன பேசுவாங்க, பிள்ளைங்க கவனிக்கலைன்னு சொல்ல மாட்டாங்களா?” என்றான் இளையவன். “அடுத்த லீவுக்கு எல்லாரும் சேர்ந்து போலாம்மா” என்றாள் மகள். மூவரும் அன்புள்ள பிள்ளைகளே. ஆனால் அந்த அடுத்த விடுமுறை மூன்று ஆண்டுகளாக வரவில்லை.

இதில் ஆராய வேண்டியது ஒன்றுண்டு. நம் பெண்கள் தனியே பயணம் செய்யாதவர்களா? விடியுமுன் காய்கறிக் கூடையுடன் உழவர் சந்தைக்குத் தனியே செல்கின்றனர். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு நாள்தோறும் பேருந்தில் சென்று இரவில் திரும்புகின்றனர். மருத்துவமனையில் மகளின் பேறுகாலத்திற்காகப் பத்து நாட்கள் தனியே தங்கி வருகின்றனர். அப்போதெல்லாம் ஊர் என்ன பேசும் என்று எவரும் கேட்பதில்லை. வேலைக்காக, பிறருக்காகச் சென்றால் அனுமதி தேவையில்லை. தமக்காக ஒரு நாள் செல்ல விரும்பினால் மட்டும் குடும்ப மாநாடு கூடுகிறது. அப்படியாயின் நாம் அஞ்சுவது பயணத்தையா, அவர்களுடைய விருப்பத்தையா?

தனிப் பயணத்தால் மேன்மையுற்ற ஆண்களைப் பற்றி நாம் பெருமையாகப் பேசுகிறோம். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே ஒரே பேருந்துடன் தொழில் தொடங்கினார். பின்னர் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றிப் பார்த்தார். கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் அவர்கள், காந்தியடிகள் பற்றிய படக்காட்சிகளைத் தேடிப் பல நாடுகளுக்கும் அலைந்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டார். “உனக்கு வீட்டில் என்ன குறை?” என்று கேட்டு இவர்களை நிறுத்தியிருந்தால் நாட்டுக்கு எத்துணை இழப்பு!

பெண்களுக்கும் திருச்சபை வரலாற்றில் முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 381 முதல் 384 வரை, எஜேரியா என்ற பெண்மணி மேற்குக் கோடியிலிருந்து எருசலேமுக்குப் பயணம் செய்தார். சீனாய் மலையில் கால்நடையாக ஏறினார். வழிநெடுகத் தாம் கண்டவற்றையும், எருசலேமில் வழிபாடு நடைபெற்ற முறையையும் ஊரிலிருந்த தம் தோழியருக்குக் கடிதமாக எழுதினார். அக்கடிதத்தின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. பழங்காலத்தில் புனித வாரம் எவ்வாறு கொண்டாடப்பட்டது என்பதை அறிய, இன்று அறிஞர்கள் நாடுவது அந்தப் பெண் எழுதிய பயணக் கடிதத்தையே. அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் நாம் அதை அறிந்திருக்கமாட்டோம். அன்னை மரியாளும் எலிசபெத்தைக் காண மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். துணைக்கு யார் சென்றார்கள் என்று லூக்கா எழுதவில்லை.

பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதே. அதனைப் பழிக்கவில்லை. ஆனால் கவலைக்கு விடை ஏற்பாடு செய்வதே. தடை போடுவது அன்று. நமக்கு இன்று வசதிகளும் உண்டு. 2021 மே மாதம் முதல் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதனால் பெண்கள் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமித்ததாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. பணத்தைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. “பஸ்சுக்குக் காசு குடுங்க” என்று வீட்டில் கையேந்தாமல் கோயிலுக்கோ, தாய் வீட்டுக்கோ, தோழியின் வீட்டுக்கோ ஒரு பெண் புறப்பட முடிந்தது. புறப்படுவதற்கு வேண்டியது பயணச்சீட்டு மட்டும் அன்று, தயக்கமின்மையும்தான் என்பது அதனால் விளங்கிற்று.

அந்த அம்மையாரின் கதைக்கு வருவோம். இறுதியில் அவருடைய மூத்த பேத்தி, கல்லூரியில் படிப்பவள், யாரையும் கேளாமல் பயணச்சீட்டைப் பதிவு செய்துவிட்டாள். “அம்முச்சி, நீங்க போய்ட்டு வாங்க. அரிசி பருப்புச் சாதம் நான் செஞ்சுக்கறேன்” என்றாள்.

அந்த இரயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சில செய்திகள். 1854இலேயே இதற்கான யோசனை தோன்றிற்று. ஆயினும் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறக்கப்பட்டது 1899இல். உதகைக்கு நீட்டப்பட்டது 1908இல். 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 16 குகைகள், சிறிதும் பெரிதுமாக 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிறது. பன்னிரண்டு அடி சென்றால் ஓரடி உயர்கிறது. வழுக்கிவிடாமலிருக்கத் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை அமைக்கப்பட்டுள்ளது. இன்ஜினின் பற்சக்கரம் அதனைக் கடித்துக் கடித்து ஏறுகிறது. மற்ற இரயில்களில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்கும். இதில் ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது. முன்னால் ஒன்றும் மறைக்காததால் முதற்பெட்டியில் இருப்பவர்க்கு மலை முழுவதும் தெரியும். 2005இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பின்னால் நின்று தள்ளிக்கொண்டே, முன்னே இருப்பவர்க்குக் காட்சியை விட்டுக்கொடுக்கும் அந்த இன்ஜினைப் போன்றவர்களே நம் தாய்மார்கள். ஒரு நாள் அவர்களையும் முன்பெட்டியில் அமர்த்துவது முறையன்றோ?

அவர் சென்றார். மாலையில் பேருந்தில் இறங்கித் திரும்பினார். பேரப்பிள்ளைகளுக்கு வர்க்கி வாங்கி வந்தார். மறுவாரம் கோயில் முற்றத்தில் அவரிடம் எல்லோரும் மலையைப் பற்றியும் குகைகளைப் பற்றியும் கேட்டனர். அவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, அவர் வேறொன்றைக் கூறினார்:

“குன்னூர்ல ஒரு கடையில போய் உக்காந்தனுங்க. அந்தப் பையன் வந்து, ‘என்ன சாப்புடறீங்க அம்மா?’ன்னு கேட்டானுங்க. எனக்கு ஒண்ணும் சொல்ல வரலீங்க. அவனுக்குப் புடிச்சது, இவளுக்குப் புடிச்சதுன்னு எல்லாந் தெரியுது. எனக்கு என்ன வேணும்னு தெரியலீங்க. ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சனுங்க. அப்புறம் ஒரு மசால் தோசை, நெய் போட்டு, முறுகலா வேணும்னு சொன்னனுங்க. கருகாம, சூடா, எனக்குன்னு ஊத்தினது. அதைச் சாப்பிடறப்ப அழுகை வந்துருச்சுங்க.”

சுற்றி நின்ற பெண்கள் எவரும் பேசவில்லை. வேப்பமரத்தடியிலிருந்து வந்து நின்ற அவருடைய மூத்த மகன், தலையைத் தாழ்த்திக்கொண்டான். அந்தத் தாய் அவனைக் கண்டதும், “கண்ணு, உன்மேல குறையில்லடா. நானே என்னைக் கேக்கலையே” என்றார்.

அன்பர்களே, அத்தாய் தம் பிள்ளைகளைக் குறை கூறவில்லை. நாமும் கூற வேண்டா. அவர்கள் அம்மாவைப் பசியோடு வைத்திருக்கவில்லை. சேலைக்கும் மருந்துக்கும் குறை வைக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவே. கேட்கப்படாத விருப்பம் நாளடைவில் மறைந்துவிடுகிறது. பிறர்க்காக வாழ்வது கிறிஸ்தவ வாழ்வின் சிகரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தியாகம் என்பது, தன்னிடம் இருப்பதை அறிந்து மனமுவந்து கொடுப்பது. தனக்கு எது பிடிக்கும் என்பதையே மறந்துபோகுமளவு ஒருவரை நாம் எடுத்துக்கொண்டே இருந்தால், அதற்குத் தியாகம் என்று பெயரிட்டு நம் மனத்தை ஆற்றிக்கொள்ளக் கூடாது.

இது தாய்மாருக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிடாதீர்கள். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சங்குச் சத்தம் நின்றுபோன பின்னும் அதிகாலை விழித்துக்கொண்டு, திண்ணையில் என்ன செய்வதென்று தெரியாமல் அமர்ந்திருக்கும் தந்தையர் பலர் உளர். மனைவியை இழந்த பின்னர், “எனக்கு இது வேண்டும்” என்று மருமகளிடம் கேட்கக் கூசி, வைத்ததை உண்டு எழுகின்ற தாத்தாக்கள் உளர். திருமணம் ஆகாமல் உடன்பிறந்தார் வீட்டில் தங்கியிருக்கும் அத்தையர் உளர். இவர்களையும் கேட்க வேண்டும்.

ஆகவே இம்மாதம் ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க மூன்று காரியங்களைக் கூறி முடிக்கிறேன்.

ஒன்று: ஒரு நாள் இரவு செபமாலை முடிந்ததும் தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு விடை கூறுங்கள். நாளின் எந்த வேளை உங்களுக்கு உரியதாக வேண்டும்? எந்த உணவு உங்களுக்கு உள்ளபடியே பிடிக்கும்? எங்கே போக ஆசை? அம்மா கடைசியாக அல்ல, முதலில் கூறட்டும். “எதுனாலும் சரி” என்ற விடையை ஏற்றுக்கொள்ள வேண்டா. அவர் யோசிக்கட்டும், காத்திருங்கள்.

இரண்டு: வாரத்தில் ஒரு வேளையாவது சமைத்தவர் முதலில் அமர்ந்து உண்ணட்டும். சந்தகை பிழியும் நாளில் அச்சை ஆண்பிள்ளைகள் பிடிக்கட்டும். அதற்குக் கைவலிமை வேண்டும்; அது அவர்களிடம் நிரம்ப உண்டு.

மூன்று: வீட்டில் யாரேனும் தனியே ஒரு பயணம் செல்ல விரும்பினால், “எதற்கு?” என்று கேட்பதற்கு முன், “எப்போது?” என்று கேளுங்கள். உதகை இரயிலுக்கு முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் அப்பாதை அடிக்கடி மூடப்படுவதால் அக்காலத்தைத் தவிர்ப்பது நலம். கம்பளி ஒன்று, மருந்து, அடையாள அட்டை, மின்னேற்றிய கைபேசி, வீட்டு எண்ணை எழுதிய தாள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இரயிலில் உதவிக்கு 139, பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112 என்ற எண்களையும் எழுதிக் கொடுங்கள். அதன் பின்னர் வழியனுப்பி வையுங்கள். மணிக்கொரு முறை அழைத்து, “சீரகம் எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த ஞாயிறு முற்றத்தில் சந்திக்கும்போது, இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று வழக்கம்போல் கேட்பேன். அது யாருக்குப் பிடித்த குழம்பு என்றும் கேட்பேன். விடையோடு வாருங்கள்.